சொல்ல இயலாது

அப்பாவுக்கு ஆற்றுத்துறையில் படகுச்சீட்டுக் கொடுக்கிற வேலை. சீட்டு அறை என்று பெயர்தானே தவிர, மேசை போட்டால் நாற்காலிக்கு இடமில்லை, நாற்காலி போட்டால் கதவு திறக்காது. பள்ளிக்கூடம் விட்டதும் அவள் அங்கே வந்து மேசைக்கு அடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அங்கிருந்து அப்பாவின் செருப்பும் சுண்ணாம்பு உதிர்ந்த சுவரும்தான் தெரியும். ஜன்னலுக்கு வெளியே நின்று சீட்டுக் கேட்பவர்களின் முகம் தெரியாது; குரல் மட்டும் மேசையைத் தாண்டி வந்து காதில் விழும்.

ஆறுதான் எல்லை. இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை வேறு நாடு. ஆனால் இரண்டு கரையிலும் பேச்சு ஒன்றுதான். அந்தக் கரையில் மேலே மலைக்காரர்கள், கீழே சமவெளிக்காரர்கள். மலைக்காரர்கள் சொல்லின் கடைசி எழுத்தை இழுப்பார்கள். சமவெளிக்காரர்கள் அதை விழுங்கிவிடுவார்கள். பத்து வயதுக்குள் அவளுக்கு இது அத்துப்படி. ஆள் நகர்ந்ததும் மேசைக்கு அடியிலிருந்து சொல்லுவாள்: "மலை. கல்குவாரிப் பக்கம்." அப்பா எட்டிப் பார்த்துக் கேட்பார், சொன்னது சரியாக இருக்கும். படகுக்காரர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. பாம்புச்செவி என்று பட்டமும் கொடுத்தார்கள்.

அக்காவுக்கு மட்டும் பிடிக்காது. "ஊரான் பேசறத ஒட்டுக் கேக்கறதுக்குப் பட்டம் வேறயா?" என்பாள். அக்கா நர்ஸ் வேலைக்குப் போனாள். தங்கை மொழி படிக்கப் போனாள்.

இருபத்துநாலு வயதில் தோளில் ஒலிப்பதிவுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தாள். கைக்குழந்தை கனம் இருக்கும் அந்தப் பெட்டி. நாலு வருஷம், நாற்பத்தொரு மலையூர். அட்டை கடித்தது, காய்ச்சல் வந்தது, கல்யாணப் பேச்சு இரண்டு வந்து தானாகவே அடங்கிப் போயிற்று. வழிகாட்டிப் பேராசிரியர் ஒன்றே ஒன்றுதான் சொல்லி அனுப்பியிருந்தார்: ஊரைவிட்டு வெளியே போகாத ஆட்களாகப் பார்த்துப் பதிவு செய்யவேண்டும்; கலப்பில்லாத பேச்சுதான் வேண்டும். அப்படியே செய்தாள். எந்தச் சொல் எந்த ஊரில் எப்படி ஒலிக்கிறது என்று வரைபடம் வரைபடமாக ஒரு புத்தகம் வந்தது. முந்நூறு பிரதி அச்சடித்தார்கள். இருநூறு பிரதி பல்கலைக்கழகக் கிடங்கில் கரையானுக்குப் போயிற்று.

அதற்கப்புறம் அவளுடைய வேலை கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. ஏழு பேர் இருந்த மொழித்துறை மூன்று பேரானது. பிறகு அவள் ஒருத்தி. கடைசியில் துறையை எடுத்துச் சுற்றுலா மேலாண்மையோடு சேர்த்தார்கள். மாடிப்படிக்கு அடியில் இருந்த அறையை அவளுக்குக் கொடுத்தார்கள். மேலே பையன்கள் ஓடினால் புத்தகத்தின் மேல் காரை விழும். வகுப்பில் இரண்டு மாணவர்கள். ஒருவன் தூங்குவான். இன்னொருத்தி வருகைப்பதிவுக்காக வருவாள்.

இப்படி இருக்கையில்தான் அந்தக் கரையில் சண்டை வந்தது. அங்கத்திய ராணுவம் மலையூர்களைக் கொளுத்தியது. ஜனங்கள் ஆற்றில் இறங்கி இந்தக் கரைக்கு ஓடி வந்தார்கள். மலைக்காரர்களுக்கு அடைக்கலம் உண்டு என்று இங்குள்ள அரசாங்கம் அறிவித்தது. சமவெளியில் சண்டை இல்லை, ஆகவே சமவெளிக்காரர்கள் திரும்பிப் போகவேண்டும். ஆனால் ஓடி வந்தவர்களில் பாதிப்பேர் கையில் காகிதம் இல்லை. யார் மலை, யார் சமவெளி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒருநாள் குடியேற்ற அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி படிக்கட்டு அறையைத் தேடி வந்தார். கையில் அவளுடைய புத்தகம். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

"மேடம், ஊரெல்லாம் தேடினோம். இந்தப் புத்தகத்த எழுதினவங்க உயிரோட இருக்காங்களான்னே எங்களுக்குத் தெரியல."

அந்தப் புத்தகத்தை வேறொருவர் கையில் பார்த்து இருபது வருஷம் ஆகியிருந்தது. என்ன வேலை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் சரி என்று தலையாட்டிவிட்டாள்.

வேலை இதுதான். வந்தவர் இருபது நிமிடம் பேசுவார். அலுவலகம் பதிவு செய்யும். பெயர் கிடையாது, எண் மட்டும் உண்டு. அவள் கண்ணாடித் தடுப்புப் போட்ட அறையில் கேட்புக்கருவியைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டு, படிவத்தில் குறிக்கவேண்டும். "மலைப்பகுதியைச் சேர்ந்தவர்" என்ற வரிக்கு எதிரே மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, சொல்ல இயலாது.

முதல் வருஷம் அவள் நிமிர்ந்து நடந்தாள். அலுவலகம் சந்தேகப்பட்ட எத்தனையோ பேரை அவள் காது காப்பாற்றியது. ஒரு கிழவரை ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர் தும்மிவிட்டு முனகிய ஒரு சொல்லை வைத்தே எந்த ஊர் என்று எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொல்லிப் பூரித்தாள்.

அக்கா அப்போது ஓய்வு பெற்றிருந்தாள். வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஆளப் பாக்காமயே நாடி பிடிக்கறியா?"

"பேச்சுதான்க்கா நாடி."

"முப்பத்தஞ்சு வருஷம் நாடி பிடிச்சவ சொல்றேன். நாடி பொய் சொல்லாது. பிடிக்கறவ விரல்தான் சொல்லும்."

இரண்டாவது வருஷத்தில் அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனுஷர். குரல் உயர்த்தத் தெரியாதவர். அவர் முன்னால் அவளுடைய படிவங்கள் அடுக்காக இருந்தன.

"மேடம், போன மூணு மாசத்துல முப்பத்தாறு பேர். அதுல பத்தொம்பது பேருக்கு 'சொல்ல இயலாது'ன்னு போட்டிருக்கீங்க."

"சொல்ல முடியலன்னாத்தான் போடறேன் சார். இருபது நிமிஷப் பேச்சு பத்தாது."

"புரியுது. ஆனா மேலிடத்துல என்ன கேக்கறாங்க தெரியுமா? சொல்ல முடியாதுன்னு சொல்றதுக்கு நிபுணர் எதுக்கு, அத வாசல்ல நிக்கற காவலாளியே சொல்லுவானேங்கறாங்க. ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்னு விட்டுட்டுப் போங்களேன்."

அவர் மிரட்டவில்லை. அவளை நீக்குவதாகவும் சொல்லவில்லை. மறுபடி படிக்கட்டுக்கு அடியில் போய்க் காரை உதிர்வதைப் பார்த்துக்கொண்டு உட்காரவேண்டுமே என்று அவளே நினைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் மூன்றாவது கட்டத்தில் குறி விழுவது மாதத்துக்கு ஒன்று, இரண்டு என்று குறைந்தது.

இருநூற்றேழாம் எண் ஓர் ஆண். முப்பது வயதுக்குள் இருக்கும். கொத்து வேலைக்காரன். என்ன பேசுவதென்று தெரியாமல், சுவர் கட்டுவது எப்படி என்று விளக்க ஆரம்பித்துவிட்டான். தூக்குக்குண்டு பிடிப்பது, நூல் கட்டுவது, செங்கல்லை நனைப்பது. மலையில் சுவருக்குப் பூசுவதைச் சாந்து என்பார்கள். சமவெளியில் கலவை என்பார்கள். இவன் ஒன்பது தடவை கலவை என்றான். சொல்லின் கடைசி எழுத்தையும் விழுங்கினான். சமவெளி என்று அவள் பேனாவை எடுத்துவிட்டாள்.

பதிமூன்றாவது நிமிடத்தில் அவன் சிரித்தான். முதல்முதலாகக் கட்டிய சுவர் சாய்ந்து விழுந்ததை அம்மா பார்த்துவிட்டாள் என்று சொல்லும்போது, 'அம்மா'வை ஓர் இழுப்பு இழுத்தான். கல்குவாரி ஊர்களைத் தவிர வேறெங்கும் அந்த இழுப்பு கிடையாது. ஒரே ஒரு தடவை. உடனே பேச்சு பழையபடி சமவெளிக்கு இறங்கிவிட்டது.

பதினோரு தடவை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு எழுந்துபோய் அதிகாரியிடம், "இந்த ஆள இன்னொரு தடவ பேசவைங்க. வேலையப் பத்தி வேண்டாம். வீட்டப் பத்திப் பேசச் சொல்லுங்க" என்றாள்.

"ஒரு ஆளுக்கு ஒரு பதிவுதான் மேடம். அவனுக்கு ரெண்டுன்னா எல்லாரும் ரெண்டு கேப்பாங்க."

அந்த மாதம் 'சொல்ல இயலாது' ஏற்கெனவே இரண்டு போட்டிருந்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பது கலவைக்கு எதிரே ஓர் அம்மா. 'இல்லை' என்ற கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்திட்டாள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

எட்டு மாதம் போயிற்று. மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில் ஈரக் குடையோடு ஒரு பெண் அவள் வீட்டுக் கதவைத் தட்டினாள். அடைக்கலம் கேட்பவர்களுக்கு வாதாடுகிற வக்கீல்.

"ஒரு கேஸ் விஷயமா வந்தேன். இருநூத்தேழாம் நம்பர்னா உங்களுக்கு ஞாபகம் இருக்காது…"

"கொத்தனார். பதிமூணாவது நிமிஷம்."

வாய் தவறி வந்துவிட்டது. வக்கீல் அவளையே பார்த்தாள். "என்ன பதிமூணாவது நிமிஷம்?"

அவள் நாற்காலியைக் காட்டினாள். வக்கீல் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, உட்காராமலே சொன்னாள். அவன் கல்குவாரி ஊர்க்காரன். குவாரி மூடியபோது அவனுக்குப் பதினொரு வயது. சமவெளிச் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போனவன். பதினைந்து வருஷம் அங்கே கிடந்துவிட்டு, அம்மா படுக்கையில் விழுந்ததும் ஊர் திரும்பினான். மறு வருஷமே ஊரைக் கொளுத்தினார்கள். இவளுடைய அறிக்கையை வைத்து அவனை ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். இறங்கின இடத்திலேயே ராணுவம் வரிசையில் நிறுத்தியது.

"ரெண்டு வார்த்த பேசச் சொன்னாங்களாம். பேசினான். மலைக்காரன்னு கண்டுபிடிச்சுட்டாங்க." வக்கீலின் குரல் தாழ்ந்தது. "அவங்களுக்கு இருபது நிமிஷம் தேவப்படல. கூட வந்தவங்கள்ல ஒருத்தர் தப்பிச்சு வந்து சொன்னாரு. உடம்பக்கூடக் குடுக்கல."

உள் அறையிலிருந்து அக்கா எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் உட்காரத் தோன்றவில்லை.

வக்கீல் போன பிறகு அவள் பரணில் கிடந்த பழைய குறிப்பேடுகளை இறக்கினாள். மலையூர்களில் எழுதியவை. அடித்துவிட்ட பெயர்களை இந்தத் தடவைதான் படித்துப் பார்த்தாள். 'சூளைக்குப் போய் வந்தவர். பேச்சு கெட்டுவிட்டது. வேண்டாம்.' 'கணவன் சமவெளி. வேண்டாம்.' 'பத்து வருஷம் வெளியே இருந்தவர். கலப்பு. வேண்டாம்.' அந்த ஊர்களில் பாதிப்பேரை அவளே வேண்டாம் என்று எழுதியிருந்தாள். மீதிப்பேரை வைத்துத்தான் மலைப்பேச்சு என்று வரைபடம் போட்டாள். அந்த வரைபடத்தை வைத்துத்தான் ஆட்களை அளந்தாள்.

"நான் எழுதினது ஒரு ஊரோட பேச்சே இல்லக்கா," என்றாள். "வீட்ட விட்டு வெளிய போகாத கிழவங்களோட பேச்சு."

அக்கா ஆறுதல் சொல்கிற ஆள் இல்லை. "வேலியில போன ஓணானை எடுத்துக் காதுல விட்டுக்கிட்ட. இப்ப குடையுதேன்னா என்ன பண்றது? போ. போய்த் தப்புன்னு எழுதிக்குடு."

எழுதிக் கொடுத்தாள். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு அறிக்கைகள். அவற்றில் நூற்றுப் பதினெட்டு 'இல்லை'. அவற்றை நம்பவேண்டாம், எல்லோரையும் மறுபடி விசாரிக்கவேண்டும் என்று பதினாலு பக்கம் எழுதி அதிகாரியின் மேசையில் வைத்தாள். அவர் கடைசிப் பக்கம்வரை பொறுமையாகப் படித்தார்.

"உங்க மனசு எனக்குப் புரியுது மேடம். ஆனா முடிஞ்ச ஃபைல் முடிஞ்சதுதான். தொறக்கறதுக்குச் சட்டத்துல வழி இல்ல."

"ஆளு செத்திருக்கான் சார்."

"அத நாம பண்ணலியே. அந்தப் பக்கம் பண்ணினது."

ஒரு வாரத்தில் நன்றி தெரிவித்துக் கடிதம் வந்தது. இனி அவளுடைய சேவை தேவையில்லை. அவளுடைய இடத்தில் உட்கார வேறொருவர் கிடைத்திருந்தார். வகுப்பில் தூங்குவானே, அந்த மாணவன். கையில் அவளுடைய புத்தகம்.

கொத்தனுடைய மனைவி அப்போதும் இந்தக் கரையில்தான் இருந்தாள். கணவன் சமவெளிக்காரன் என்று முடிவானதால் அவளையும் அனுப்ப உத்தரவு வந்திருந்தது. வக்கீல் வழக்குப் போட்டாள். பாம்புச்செவி சாட்சி சொல்லப் போனாள்.

அரசாங்க வக்கீல் அவளுடைய புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிக் கேட்டார். சூளைக்குப் போய் வந்தவர்களின் பேச்சு மலைப்பேச்சு அல்ல என்று அறுபத்தோராம் பக்கத்தில் இருக்கிறதே, எழுதியது யார்? நான்தான். அறிக்கையில் கையெழுத்து யாருடையது? என்னுடையது.

"அப்ப எது பொய்ம்மா? அன்னைக்கு எழுதினதா, இன்னைக்குச் சொல்றதா?"

"அன்னைக்கு எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி எழுதினேன்."

"அதாவது, நீங்க நிபுணர் இல்லைங்கறீங்க."

கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். அவள் நீதிபதியைப் பார்த்து, "அதையே எழுதிக்குங்க ஐயா" என்றாள்.

மனைவிக்கு அடைக்கலம் கிடைத்தது. ஆனால் பாம்புச்செவியின் சாட்சியால் அல்ல. சாட்சி நம்பத்தக்கதாக இல்லை என்று தீர்ப்பு ஒதுக்கிவிட்டது. மலைக்காரன் என்பதற்காகவே அந்த மனிதன் கொல்லப்பட்டிருப்பதால், அவன் மலைக்காரன்தான் என்பது நிரூபணமாகிறது என்று எழுதியிருந்தது. வக்கீல் அந்த வரியை வாசித்துவிட்டுத் தாளை மேசையில் வைத்தாள். "செத்துக் காட்டினாத்தான் நம்புவாங்க போல," என்றாள்.

மனைவி ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். கட்டடத்துக்கு அடியில் தாழ்ந்த கூரை, நீராவி, உருளைகள் சுற்றுகிற இரைச்சல். விரிப்புகளை மடித்து அடுக்குவது அவள் வேலை. தீர்ப்பு வந்து ஒரு மாதம் கழித்து, விசாரித்துக்கொண்டு பாம்புச்செவி அங்கே போனாள்.

மனைவி மடிப்பதை நிறுத்தவில்லை. "எதுக்கு வந்தீங்க? மன்னிப்புக் கேக்கவா? அது என்கிட்ட இல்ல."

"கேக்க வரல. உங்களோடது ஒண்ணு என்கிட்ட இருக்கு."

அலுவலகத்துப் பதிவுகளை வெளியே கொண்டுபோகக் கூடாது, அது குற்றம். அந்த ஒன்றை மட்டும் அவள் நகலெடுத்து வைத்திருந்தாள். கைக்கடக்கமான ஒலிப்பெட்டியையும் காதில் மாட்டுகிற கருவியையும் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

"அவர் குரல். இருபது நிமிஷம்."

மனைவியின் கை அப்படியே நின்றது. விரிப்பை இறக்கினாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். துணிமூட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டாள்.

தள்ளுவண்டியில் விரிப்புகள் வந்துகொண்டே இருந்தன. மேற்பார்வைக்காரர் எட்டிப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் பாம்புச்செவியே விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். ஓரத்துக்கு ஓரம் சேரவில்லை. ஒரு மூலை இழுத்தால் மறு மூலை தொங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடியே மடித்தாள். சரியாகப் பதிமூன்று நிமிடம் ஆனபோது அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள்.

எல்லாம் முடிந்ததும் கருவியைக் கழற்றினாள்.

"இதுல என்ன தப்பு கண்டுபிடிச்சீங்க?"

"தப்பு இல்லம்மா."

"அவரு எப்பவும் இப்படித்தான் பேசுவாரு. வேலையப் பத்தின்னா ஒரு மாதிரி, அம்மாவப் பத்தின்னா ஒரு மாதிரி. எல்லாரும் அப்படித்தானே? நீங்க அப்படிப் பேச மாட்டீங்களா?"

பாம்புச்செவி கையிலிருந்த விரிப்பை அடுக்கின்மேல் வைத்தாள்.

"இது எனக்குத்தானே?" பெட்டியை மனைவி இடுப்பில் செருகிக்கொண்டாள். "இனிமே இங்க வராதீங்க." பாம்புச்செவி மடித்திருந்த விரிப்புகளை எல்லாம் உதறிப்போட்டு முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.

பல்கலைக்கழகம் வயதாகிவிட்டது என்று அனுப்பியது. அவளும் வக்கீலும் சேர்ந்து அந்த நூற்றுப் பதினெட்டுப் பேரைத் தேடினார்கள். எண்ணுக்குப் பெயர் கண்டுபிடிக்கவே இரண்டு வருஷம் ஆயிற்று. எழுபத்துமூன்று பேர் சமவெளியில் உயிரோடு இருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் சமவெளிக்காரர்கள், எத்தனை பேர் பேச்சை மாற்றிக்கொண்டு பிழைத்தவர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஆறு பேர் செத்தது உறுதி. மற்றவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

பழைய தப்பை நேராக்கிவிடலாம் என்று அவள் இன்னொன்றும் செய்து பார்த்தாள். ஓடி வந்தவர்கள் குடியிருக்கிற தெருக்களுக்குப் போய், சூளைக்குப் போனவர், ஊர் மாறிக் கட்டிக்கொடுக்கப்பட்டவர் என்று எல்லோருடைய பேச்சையும் பதிவு செய்யலாம் என்று நினைத்தாள். முதல் தெருவிலேயே கதவுகள் சாத்திக்கொண்டன. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அவள் தலையைக் கண்டால் ஒரு தெருவே வாயை மூடிக்கொண்டது. காதால் கேட்டே ஆளை அனுப்புகிறவள் என்று பேர் பரவியிருந்தது. தண்ணீர்க் குழாயடியில் சளசளவென்று பேசுகிறவர்கள் அவள் வந்ததும் குடத்தைப் பார்ப்பார்கள். குழந்தைகளைத் தாய்மார்கள் முதுகில் தட்டி உள்ளே அனுப்புவார்கள். மூன்று மாதம் நடந்தாள். ஒரு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

போன மழைக்காலத்தில் அக்காவுக்கு மூட்டு வீங்கி நடக்க முடியாமல் போயிற்று. மருத்துவமனைக்கு அழைத்துப்போனாள். காத்திருக்கிற அறையில் எதிர் பெஞ்சில் இரண்டு பெண்கள் மலைப்பேச்சில் மருமகளைப் பற்றி வாய்நிறையப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவளின் தொடையைக் கிள்ளினாள். பேச்சு கத்தரித்தாற்போல நின்றது.

அக்காவுக்கு இதெல்லாம் கவனத்தில் இல்லை. "உங்க டோக்கன் எத்தனைம்மா?" என்று கேட்டாள்.

ஒருத்தி வாயைத் திறக்காமல் நாலு விரலைக் காட்டினாள்.

"டாக்டர் வந்துட்டாரா?"

அவள் இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள்.

"என்னடி இது, ரெண்டு பேரும் ஊமையா பாவம்," என்று அக்கா தங்கையின் காதில் சொன்னாள்.

"கொஞ்சம் காத்தாட நிக்கறேன்க்கா. உன்னக் கூப்பிட்டா குரல் குடு," என்று அவள் எழுந்தாள். தாழ்வாரத்துக்கு வந்து கதவை மெள்ளச் சாத்தினாள். சிறிது நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கதவுக்கு உள்ளே பேச்சு மறுபடி தொடங்கியது. முதலில் ஒரு குரல், அப்புறம் இன்னொன்று. நடுவில் அக்காவின் ஆச்சரியக் குரல். அவள் இன்னும் பத்து அடி தள்ளிப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். அங்கேயும் கேட்டது. தாழ்வாரத்தின் கடைசிவரை போனாள்.